எண்ணெயை நிறுத்தினேன், ட்ரைகிளிசரைடு ஏறிவிட்டது. எப்படி?

கேள்வி:
மூன்று மாதமாக எண்ணெய், வெண்ணெய் பக்கமே போகவில்லை. நேற்று வந்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 148-இலிருந்து 139 ஆகியிருக்கிறது, அது சரி. ஆனால் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) 165 இருந்தது 238 ஆகிவிட்டது, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 44-இலிருந்து 38. மொத்தக் கொலஸ்ட்ரால் அதே 225. பரிசோதனைக்கு முன் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும்தான் குடித்தேன். கொழுப்பே சாப்பிடாதவன் ரத்தத்தில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? ஆய்வகத் தவறா?

பதில் 1:
தவறாகத் தெரியவில்லை. எண்ணெயை விட்டபிறகு பசிக்கு எதைச் சாப்பிட்டீர்கள், அதை முதலில் சொல்லுங்கள். சாப்பிட்ட கொழுப்பு குடலில் பித்தநீரோடு கலந்து, கைலோமைக்ரான் என்ற நுண்துகள்களாக நிணநீர் வழியே ரத்தத்துக்கு வரும். நன்றாகக் கொழுப்பு சாப்பிட்ட சில மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் அதன் நீர்ப்பகுதி பால் கலந்தது போலக் கலங்கித் தெரிவது அதனால்தான். 12 மணி நேரப் பட்டினியில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிச்சம் இருப்பது கல்லீரல் தானே கட்டி அனுப்பும் விஎல்டிஎல், அதாவது ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் தேவைக்கு மேல் போனால் கல்லீரல் அதிலிருந்தே கொழுப்பு செய்யும். மதுவும் இதே ட்ரைகிளிசரைடு அளவை ஏற்றும்.

கேட்டவர்:
மது கிடையாது. ஆனால் தினமும் இரண்டு டம்ளர் பழச்சாறு, அப்புறம் ‘கொழுப்பு இல்லை’ என்று போட்ட பிஸ்கட். இப்போதுதான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், 100 கிராமுக்கு 32 கிராம் சர்க்கரை.

பதில் 2:
விடை அதுதான். இன்னொன்றையும் பாருங்கள். பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கிறார்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன், இரண்டு முறையும் அப்படியே பொருந்துகிறது. ட்ரைகிளிசரைடு ஏறியதால் கழிக்கும் பங்கும் கூடிவிட்டது, ஆக அந்த 9 புள்ளி குறைந்ததை நம்பிச் சந்தோஷப்பட வேண்டாம். மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள், மிச்சம் கெட்டது எல்லாம் சேர்ந்த கணக்கு: அன்று 181, இன்று 187. கூடித்தான் இருக்கிறது.

அதற்காக வெண்ணெய்க்குத் திரும்பிவிடாதீர்கள். வெண்ணெயில் நிறைய உள்ள நிறைவுற்ற கொழுப்பு கூடினால் கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் குறைகின்றன, எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. (இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரௌன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது.) எண்ணெயைச் செயற்கையாகக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு அதைவிட மோசம், எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லையும் இறக்கும். சாறையும் பிஸ்கட்டையும் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கொட்டைகள், விதைகள், மீன், அளவாக நிறைவுறாக் கொழுப்புள்ள எண்ணெய் என்று வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், ட்ரைகிளிசரைடு ஏற அவையும் காரணமாக இருக்கலாம்.