ஒரே எழுத்துக்கூட்டு, வேறு வேறு பொருள்: ஐரோப்பாவில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

தோட்டக்காரன்:
அந்தத் தகர டப்பா இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நான் இருப்பது ஜெர்மனியில், கொலோன் பக்கம். லண்டனிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. வீட்டில் முன்பு குடியிருந்தவர் தோட்டத்துக் கொட்டகையில் எலி மருந்தை விட்டுப் போயிருக்கிறார். யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று நாடா ஒட்டி, பெரிய எழுத்தில் 'கிஃப்ட்' என்று எழுதியும் வைத்திருக்கிறார். ஜெர்மன் மொழியில் அதற்கு நஞ்சு என்று பொருள். அக்கா மகள் அப்போதுதான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். "மாமா, இது எனக்கா?" என்று அவள் கேட்டபோது மூடி பாதி திறந்திருந்தது. பாய்ந்து பிடுங்கினேன். தன் பரிசைப் பறித்துவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. நல்ல மனதோடு எழுதி வைத்த எச்சரிக்கையே ஒரு குழந்தையைக் கூப்பிட்டுவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

உப்சாலா:
இதே சொல்தான் எங்களுக்கும். இங்கே ஸ்வீடனில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஜெர்மன் தோழி புதிதாகச் சேர்ந்தாள். அவளிடம் கொடுத்த படிவத்தில் பெயருக்குக் கீழே 'கிஃப்ட்', 'ஊகிஃப்ட்' என்று இரண்டு கட்டங்கள். ரசாயனங்களோடு புழங்கும் வேலை என்பதால் நஞ்சு பட்டதுண்டா என்று கேட்கிறார்கள் என நினைத்து, முன்பு வேலை பார்த்த இடத்தில் கையாண்ட பொருள்களை ஓரத்தில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டது கல்யாணம் ஆனதா, ஆகவில்லையா என்று! ஸ்வீடிஷில் அதை 'யிஃப்ட்' என்று வாசிப்பார்கள். நஞ்சுக்கும் ஸ்வீடிஷில் அதே எழுத்து, அதே உச்சரிப்பு. பரிசு, நஞ்சு, கல்யாணம். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லை பாருங்கள்.

வேர்தேடி:
உப்சாலா, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. மூன்றுமே 'கொடு' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. கொடுப்பது பரிசு, பெண்ணைக் கொடுப்பது கல்யாணம். மருந்தாக ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவைக் கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றார்கள், அதுவும் 'கொடுத்தல்'தான். அதைப் பார்த்து ஜெர்மன்காரர்களும் மருந்தளவுக்குத் தங்கள் 'கிஃப்ட்'டைப் பயன்படுத்தி, போகப்போக அது நஞ்சு என்றே ஆகிவிட்டது. பழைய பொருள் முழுக்க அழியவும் இல்லை. 'மிட்கிஃப்ட்' என்றால் இன்றும் சீதனம்தான்.

உறவே இல்லாத சொல் வேண்டுமானால் 'மோஸ்ட்' இருக்கிறது. எம், ஓ, எஸ், டி என்ற நான்கே எழுத்து. செக், போலிஷ் மொழிகளில் பாலம். ஜெர்மனில் பழச்சாறு, அது லத்தீனிலிருந்து வந்தது. கீழ் ஆஸ்திரியாவில் 'மோஸ்ட்ஃபியர்டல்' என்று ஒரு வட்டாரத்துக்கே பெயர் கொடுத்த பானம். ஆங்கிலத்தில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். ஹங்கேரியனில் 'இப்போது'.

புடாபெஸ்டில் பிர்னோ ஊர் நண்பன் வாடகை வீட்டுச் சாவி வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரம்மா அனுப்பிய குறுஞ்செய்தியில் அந்த ஒரே சொல். அவன் செக்காரன், நேரே மார்கிட் பாலத்துக்குப் போய்விட்டான். அந்த அம்மா வாசலில், இவன் டான்யூப் காற்றில். வாயால் சொல்லியிருந்தால் 'மோஷ்ட்' என்று கேட்டிருக்கும், அவனுக்குப் பாலம் நினைவுக்கு வந்திருக்காது. எழுத்துதான் ஏமாற்றியது.

ஓல்சா கரை:
வேரெல்லாம் சரி அண்ணா, ஆனால் ஒரே வேரிலிருந்து வந்தால் மட்டும் குழப்பம் குறைந்துவிடுமா? நான் இருக்கும் ஊரை 1920இல் ஓல்சா ஆற்றோடு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கரை போலந்தின் சியெஷின், மறு கரை செக் நாட்டின் செஸ்கி டெஷின். போலந்துக் கரையில் 'ஸ்க்லெப்' என்றால் கடை, பாலம் தாண்டினால் நிலவறை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போனது, வெளியூர்க்காரர்கள்தான் தடுமாறுவார்கள்.

என்னை உறுத்துவது ரொட்டி. பிராகிலிருந்து வந்த ஒரு பெரியவர் போலந்துப் பக்கத்து ரொட்டிக் கடையில் 'செர்ஸ்த்வி' வேண்டும் என்றார். செக்கில் அது புத்தம்புதியது, போலிஷில் காய்ந்து போனது. கடைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் நேற்றைய ரொட்டியை எடுத்து வந்து, காசு வேண்டாம் என்று சைகை காட்டினாள். கையில் காசில்லாத கிழவர் என்று நினைத்திருக்கிறாள். அவர் முகம் சுருங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

குழாயடி:
ஓல்சா கரை, அது ஓசைதான் ஒன்று. போலிஷில் அதைச் சி, இசட் போட்டு எழுதுவார்கள், எழுத்து வேறு. இங்கே கேட்டது எழுத்துக்கூட்டு.

என் கதை சின்னது. மிலானில் ஒரு விடுதியில் மாமனார் 'சி' என்று போட்ட குழாயைத் திறந்து கையை நீட்டினார். இத்தாலியனில் அது 'கால்டா', சூடு. தோல் சிவந்து, பயணம் முழுக்கக் கையில் துணி சுற்றியிருந்தார்.

வயதானவர்களை அழைத்து வருகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பிரான்ஸிலும் 'சி' என்றால் சூடு, 'எஃப்' என்றால் குளிர். ஸ்பெயினிலும் அப்படியே. போர்ச்சுகலில் சூட்டுக்குக் 'க்யூ'. பிரிட்டனிலோ 'சி' குளிர். ஆகவே எழுத்தை நம்பவே வேண்டாம். சிவப்பு, நீலப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இடது பக்கம்தான் சூடு, ஆனால் பழைய கட்டடங்களில் அதையும் நம்ப முடியாது. முதலில் விரல் நுனியை மட்டும் வையுங்கள், தண்ணீர் சற்று ஓடிய பிறகுதான் சூடே வரும் என்பதால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். அறைக்குள் போனதும் சூட்டுக் குழாயில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தில் எந்த மொழிப் பட்டியலைப் படிக்கிறோம் என்று முன்னாலிருக்கும் இரண்டெழுத்துக் குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் 'சாலெ' என்று நீட்டினால் உப்பிட்டது, அந்தக் கடைசி எழுத்தின் மேல் கோடு இல்லையென்றால் அழுக்கு. அதே எழுத்து இத்தாலியனில் உப்பு.

கப்பல்காரி:
ஹெல்சிங்கிக்கும் எஸ்தோனியாவின் தாலினுக்கும் இடையே ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறேன். ஒரு ஃபின்லாந்துக்காரர் தாலினில் அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். எனக்கு எஸ்தோனியன் தெரியும் என்பதால் என்னிடம் வீட்டுப் பரிசோதனை அறிக்கையை நீட்டி மற்ற வரிகளுக்குப் பொருள் கேட்டார். ஒரு வரியைக் காட்டி, இது மட்டும் புரிகிறது, நிர்வாகக் குழு நிலவறையில் கூடுமாம் என்றார். 'ஹல்லிட்டுஸ்' என்பது ஃபின்னிஷில் நிர்வாகக் குழு, அரசாங்கம். எஸ்தோனியனில் பூஞ்சை. நிலவறையில் பூஞ்சை என்றுதான் அங்கே எழுதியிருந்தது. பணம் கட்டியாகிவிட்டது. சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஹொமெயா?" ஃபின்னிஷில் பூஞ்சைக்கு அதுதான் பெயர், எழுதுவது ஆங்கிலத்தின் 'ஹோம்' போலவே.