முதல் கிலோமீட்டர் பறக்கிறது, மூன்றாவதில் நடக்கிறேன்

அடையாறு34:
ஓட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. காலை ஐந்தரைக்கு லைட் ஹவுஸில் கிளம்பி நேப்பியர் பாலம் போய்த் திரும்பினால் 6 கிலோமீட்டர் வரும். முதல் கிலோமீட்டர் ஐந்தரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அப்போது ஒரு கஷ்டமும் தெரிவதில்லை. ஆனால் உழைப்பாளர் சிலையைத் தாண்டுவதற்குள் விலா பிடித்துக்கொண்டு, மிச்ச தூரம் நடைதான். மெதுவாக ஓடினால் எல்லாரும் முந்திப் போகிறார்கள், மனசு கேட்கவில்லை. ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

அதிகாலை:
கஷ்டம் தெரியாத அந்த முதல் கிலோமீட்டர்தான் உங்களை ஏமாற்றுகிறது. ஓட ஆரம்பித்ததும் இதயமும் மூச்சும் உடலின் தேவைக்கு ஈடுகொடுக்கச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை எந்த வேகமும் சுலபமாகத்தான் தோன்றும். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். ஓடும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிய வேண்டும், முடியவில்லையா, இன்னும் குறையுங்கள். வாட்ச்சில் அந்தந்த நொடிக்குக் காட்டும் வேகத்தைப் பார்க்காதீர்கள், அது தாவிக்கொண்டே இருக்கும்.

பெசன்ட்நகர்_ரன்னர்:
மேலே சொன்னது சரி, ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் வியர்வை காயாது, உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகும், அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமாக அடிக்க வேண்டியிருக்கும். டிசம்பரில் எனக்குச் சுலபமாக வரும் வேகம் மே மாதத்தில் வருவதே இல்லை, அதற்காக இப்போதெல்லாம் நான் வருத்தப்படுவதும் இல்லை. ஆரம்பத்தில் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்தேன். களைத்த பிறகு நடப்பதில் பயன் குறைவு, களைக்கும் முன்பே நடந்துவிட வேண்டும்.

கோவை_ஓட்டம்:
2023 சிகாகோ மாரத்தானில் கெல்வின் கிப்டம் 2:00:35-ல் உலக சாதனை செய்தாரே, முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. அவ்வளவு வேகமானவரே கடைசிக்கு மிச்சம் வைத்துத்தான் ஓடினார். முந்திப் போகிறவர்கள் எத்தனை வருடமாக ஓடுகிறார்களோ, அவர்களோடு உங்களை ஏன் ஒப்பிடுகிறீர்கள்?

அடையாறு34:
இன்று ஏழே முக்கால் நிமிட வேகத்தில் போனேன். முதல் இரண்டு கிலோமீட்டர் காலைப் பிடித்து இழுத்து நிறுத்துவது போலத்தான் இருந்தது, ஆனால் 6 கிலோமீட்டரும் நிற்காமல் ஓடிவிட்டேன்! எல்லாருக்கும் மிக்க நன்றி. போட்டியன்று கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்றுதான் பயம்.

அதிகாலை:
ரொம்ப சந்தோஷம். அன்றைக்குக் கூட்டத்தின் பின்வரிசையில் போய் நில்லுங்கள், முன்னால் இருப்பவர்களே உங்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.