பதில்: ‘அக்கீ’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடு முழுதாக ஏற்க வேண்டிய சட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரெஞ்சில் ‘அக்கீ’ என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் இதுவரை வந்தவை: பொதுச்சட்டம், ஒன்றியச் சட்டத்தொகுப்பு, ஈட்டுச்சட்டம். ஒலிபெயர்த்து ‘அக்கி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது சரிவராது. அக்கி என்றதும் உடம்பில் கொப்புளம் கிளம்பும் நோய்தான் நினைவுக்கு வரும். பொதுச்சட்டமும் வேண்டாம், இங்கிலாந்தின் தீர்ப்புவழிச் சட்ட மரபுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

‘சட்டத்தொகுப்பு’ பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்குத் தயக்கம் உண்டு. தொகுப்பு என்றால் யாரோ உட்கார்ந்து தொகுத்து முடித்தது என்ற எண்ணம் வரும். அக்கீ முடிவதே இல்லை. 1957 ரோம் ஒப்பந்தம் தொடங்கி அண்மையில் வந்த ஆணைகள் வரை, லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்புகள், பிற நாடுகளோடு ஒன்றியம் செய்த உடன்படிக்கைகள் எல்லாம் அதில் சேரும். துருக்கி 2005இல் ஒன்றியத்தில் சேரும் பேச்சைத் தொடங்கியது. பேச்சுக்காக அக்கீயைத் துறைவாரியாகப் பிரித்த 35 அத்தியாயங்களில் 16ஐத்தான் திறக்க முடிந்தது. பேசி முடித்துத் தற்காலிகமாக மூடப்பட்டது அறிவியல், ஆராய்ச்சி அத்தியாயம் ஒன்று மட்டுமே. இடைப்பட்ட காலத்தில் சட்டம் வளர்ந்துகொண்டே போயிற்று.

பேச்சுவார்த்தை என்று பெயரே தவிர, உள்ளடக்கத்தில் பேரம் கிடையாது. எப்போது நடைமுறைப்படுத்துவது, எதற்கு எவ்வளவு அவகாசம் என்றுதான் பேச முடியும். 2004இல் போலந்து சேர்ந்தபோது சுகாதார விதிகளை எட்டாத இறைச்சிக்கூடங்களுக்குச் சில ஆண்டுத் தவணை கிடைத்தது. அதுவரை அவற்றின் இறைச்சி உள்நாட்டுச் சந்தையைத் தாண்டக் கூடாது. விதியில் ஒரு வரிகூட மாறவில்லை.

‘ஈட்டுச்சட்டம்’ மூலச்சொல்லின் பொருளுக்கு மிக நெருக்கம். பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஈட்டியது என்றே பொருள். ஆனால் ஈட்டுக்கடன் என்ற சொல் புழக்கத்தில் இருக்கும்போது, இதை அடமானம் பற்றிய சட்டம் என்றுதான் படிப்பார்கள்.

என் பரிந்துரை ‘சட்டத்திரள்’. திரள்வது தொடர்ந்து நடப்பது, அளவும் கனமும் கூடுவது. வாக்கியத்திலும் உட்கார்கிறது: “2004இல் சைப்ரஸ் முழுதும் ஒன்றியத்தில் சேர்ந்தது, ஆனால் தீவின் வடபகுதியில் சட்டத்திரள் இடைநிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.” ‘ஒன்றியச் சட்டத்தொகுப்பு’ போட்டு இதே வாக்கியத்தை வாசித்துப் பாருங்கள், கனம் தெரியும்.

அப்புறம், இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. இந்தத் திரளின் கீழ் வாழ்பவர்கள் உறுப்பு நாட்டினர் மட்டும் இல்லை. நார்வே 1972, 1994 என இரண்டு வாக்கெடுப்புகளில் ஒன்றியத்தை மறுத்தது. ஆனால் ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையை வெளிநாடுகள் சிலவற்றுக்கும் விரிக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால், வேளாண்மை, மீன்பிடிப்புக் கொள்கைகள் நீங்கலாக, அந்தச் சந்தையின் விதிகளைத் தன் சட்டமாக்கிக்கொண்டே வருகிறது. அந்த விதிகளை இயற்றும் அவையில் அதற்கு வாக்கில்லை. சட்டம் வெளியிலிருந்து தொலைநகலில் வந்து சேர்கிறது என்ற பொருளில், இதை அங்கே ‘தொலைநகல் ஜனநாயகம்’ என்றே குறைபட்டுக்கொள்கிறார்கள். உறுப்பு நாடு விவாதித்து, வாக்களித்து, தோற்றாலும் அவையில் இருந்து ஏற்பதையும் இதையும் ‘ஏற்பு’ என்ற ஒரே சொல்லால் குறித்தால் அரசியல் முழுதும் மறைந்துவிடும். நார்வேயின் நிலைக்குப் ‘பின்னொழுகல்’ என்று வைக்கலாமா? விதி பிறர் செய்தது, ஒழுகுவது நாம் என்பது அதில் தெரிகிறது.

பின்னொழுகக்கூடச் செய்யாத அயல்நாடும் மாட்டிக்கொள்வதுண்டு. உள் எல்லைகளில் சோதனையை நீக்கி, வெளி எல்லைக்கும் விசாவுக்கும் பொது விதி வகுக்கும் ஷெங்கன் விதிகள் 1999இலேயே திரளில் சேர்ந்துவிட்டன. ஆகவே ஒன்றியத்தில் சேரும் முன்பே, 2003 அக்டோபர் 1 முதல், போலந்து உக்ரைனியர்களுக்கு விசா கட்டாயமாக்கியது. போலந்து-உக்ரைன் எல்லையிலுள்ள மெதிக்கா சாவடியில் சிகரெட்டும் வோட்காவும் பையில் வைத்துக்கொண்டு நடந்தே எல்லை கடந்து பிழைத்த சிறுவியாபாரிகளைப் போலந்தில் ‘எறும்புகள்’ என்பார்கள். அந்தப் பிழைப்பின் குறுக்கே விழுந்தது விசா. உக்ரைன் கையெழுத்திட்டது எதுவும் அதற்குக் காரணமில்லை. 2009இல் எல்லையோர மக்களுக்குத் தனி அனுமதி வந்தது. குறுகிய காலப் பயணத்துக்கு விசா நீங்கியது 2017 ஜூனில்தான். இதற்குப் புதுச்சொல் வேண்டாம், ஒருவர் செயல் அதில் பங்கில்லாத பிறரைத் தாக்குவதைக் குறிக்கப் பொருளியலில் இருக்கும் ‘புறவிளைவு’ போதும்.

வரையறை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. சட்டத்திரளை ஏற்றுவிட்டால் உறுப்புரிமை கிடைத்துவிடும் என்ற தொனி வந்துவிடக் கூடாது. வட மாசிடோனியா 2005இலேயே வேட்பு நாடு, அதாவது சேர விண்ணப்பித்து ஒன்றியம் வேட்பாளராக ஏற்ற நாடு. கிரேக்கத்தின் எதிர்ப்பைத் தீர்க்க 2019இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் சேர்க்கைப் பேச்சு தொடங்குவதைப் பிரான்ஸ் தடுத்தது. 2020இல் மொழி, வரலாறு பற்றிய சச்சரவைச் சொல்லி பல்கேரியா தடுத்தது. தன் பெயரைக்கூட விட்டுக்கொடுத்த மக்களை இப்படி வாசலில் நிறுத்திவைத்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். நம் வரையறை அதை மூடி மறைக்கக் கூடாது. ஆகவே இப்படி முன்மொழிகிறேன்:

சட்டத்திரள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தங்கள், சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், உடன்படிக்கைகள் ஆகியவற்றின் வளர்ந்துவரும் முழுமை. வேட்பு நாடு இதை ஏற்பது கட்டாயம். ஆனால் சேர்க்கைக்கு உறுப்பு நாடுகள் அனைத்தின் இசைவும் தேவை.

ஒஸ்லோ, பெர்கன் பக்கம் இருக்கும் குழு உறுப்பினர்கள் ‘பின்னொழுகல்’ பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். அந்த விதிகளின் கீழ் வாழ்பவர்கள் நீங்கள். அங்குள்ள தமிழ் வழக்கில் இதற்கு வேறு சொல் இருந்தால் என்னுடையதை விட்டுவிடலாம்.