அட்டையும் நுண்ணோக்கியும் முரண்படும் மலேரியா மாதிரிகள்: ஆய்வக அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மலேரியாவின் கடுமையான வகையான ஃபால்சிபாரம் மலேரியாவைக் கண்டறியும் துரிதப் பரிசோதனை அட்டைகளில் பெரும்பாலானவை எச்.ஆர்.பி.2 என்னும் ஒட்டுண்ணிப் புரதத்தையே தேடுகின்றன. அதற்குரிய மரபணுவை இழந்ததால் அட்டையில் சிக்காமல் போகக்கூடிய ஒட்டுண்ணிகள் பெருவின் அமேசான் பகுதியில் இருப்பது 2010இல் வெளியானது. எரித்திரியாவிலோ இச்சிக்கல் முற்றி, 2016இல் அட்டை வகையையே மாற்ற வேண்டியதாயிற்று. இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தும் கட்டுப்பாட்டுக் கோடு (அட்டை வேலை செய்கிறது என்பதை மட்டும் காட்டுவது) மட்டும் தெரியும் அட்டையை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதே இதிலுள்ள பெரிய ஆபத்து.

இதைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். அட்டையின் முடிவும் நுண்ணோக்கியில் பார்க்கும் தடித்த இரத்தப் பூச்சின் முடிவும் முரண்பட்ட மாதிரிகளில் எவற்றை, மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினீர்கள், ஒட்டுண்ணிச் செறிவு மிகுந்து கோடு மங்கியதா என்பதை மாதிரியை நீர்க்கச் செய்து முன்னதாகவே சரிபார்த்தீர்களா என்று ஆய்வகத்தில் பணிபுரிவோர் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். நோயாளிகளைப் பற்றிய விவரம் எதுவும் வேண்டா.