எலிக் கல்லீரலில் கிளீவ்ட் காஸ்பேஸ்-3: கோளாறு ஆன்டிபாடியிலா, ஸ்லைடிலா?

கெலுகோர்_மாணவி
வணக்கம். அப்போப்டோசிஸில் (செல் தானே திட்டமிட்டுச் சாவது) வெட்டுப்பட்டு வேலை செய்யும் காஸ்பேஸ்-3 என்சைமை, அதாவது கிளீவ்ட் காஸ்பேஸ்-3-ஐ, ஆன்டிபாடியால் கறையிட்டுப் பார்க்கிறேன். எலிக் கல்லீரல் (சுண்டெலி இல்லை), பாரஃபின் பிளாக், 4 மைக்ரான் வெட்டு. அஸ்பார்டேட்-175 வெட்டுமுனைக்கான முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி 1:100 நீர்த்தலில், சிட்ரேட் பிஎச் 6-இல் சூடாக்கல், அவிடின்-பயோட்டின் கிட் (சிக்னலைப் பெருக்க), டிஏபி (பழுப்பு நிறம் தருவது). மருந்தே கொடுக்காத எலியிலும் நியூக்ளியஸ் எல்லாம் பழுப்பு. வேறு ஆன்டிபாடி வாங்கலாமா?

பங்சார்_மைக்ரோடோம்
வாங்குங்க. முழு காஸ்பேஸ்-3 சுமார் 32–35 கிலோடால்டன். 175-இல் வெட்டுப்பட்டால் 17, 19 கிலோடால்டன் துண்டுகள். ஆன்டிபாடி அந்த முனையை மட்டும் பிடிக்கணும். பாலிகுளோனலோ பல ஆன்டிபாடிகளின் கலவை. வேறு புரதத்தில் அதே சாயலில் முனை இருந்தால் அதிலும் சில ஒட்டும். பரவலாக ஓடும் பாலிகுளோனல் ஒன்றின் டேட்டாஷீட்டிலேயே, எலித் திசுவில் நியூக்ளியஸ் பின்னணி வரலாம் என்று போட்டிருக்கு. பழ ஈயில் இந்த வகை ஆன்டிபாடி காட்டுவது டிரோங்க் என்ற காஸ்பேஸின் வேலையை என்று 2010-இலேயே ஆய்வு வந்தாச்சு. 5ஏ1இ மாதிரி மோனோகுளோனலுக்கு (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும்) போனால் லாட்டுக்கு லாட் மாறும் தொல்லையும் குறையும்.

தீவு_ஹிஸ்டோ
அவசரப்படாதே தங்கச்சி. கல்லீரலுக்கு அவிடின்-பயோட்டின் கிட்டா? அந்த உறுப்பில் பயோட்டின் கொட்டிக் கிடக்கு, கிட்டின் அவிடின் அதிலேயும் ஒட்டிக்கும், சிட்ரேட்டில் சூடாக்கினால் இன்னும் வெளியே வரும். முதல்ல பயோட்டின் இல்லாத பாலிமர் கிட்டுக்கு மாறு.

பங்சார்_மைக்ரோடோம்
அண்ணே, பயோட்டின் பின்னணி சைட்டோபிளாசத்தில் பொடிப்பொடியாக வரும். இவங்க சொல்வது நியூக்ளியஸ்.

தீவு_ஹிஸ்டோ
சரி, நியூக்ளியஸுக்கு அது மட்டும் பதில் ஆகாது. ஆனாலும் ஆன்டிபாடிதான் குற்றவாளி என்பதற்கு இதுவரை ஒரு கன்ட்ரோல் ஸ்லைடு கூட இல்லையே! ஒரே பிளாக்கிலிருந்து ஐந்து வெட்டு எடு. ஒன்றில் பிரைமரி (காஸ்பேஸைப் பிடிக்கும் அந்த ஆன்டிபாடி) போடாதே. அடுத்ததில் சாதாரண முயல் ஐஜிஜி (காஸ்பேஸைக் குறிவைக்காத ஆன்டிபாடி), பிரைமரியின் அதே மைக்ரோகிராம்/மில்லி அளவில் (அதே 1:100 இல்லை, இங்கேதான் பாதிப்பேர் வழுக்கறாங்க). மற்ற மூன்றும் பிரைமரி 1:100, 1:400, 1:800. பிரைமரி இல்லாததே பழுத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு போதலை, இல்லை கிட்டின் வேலை. 3 சதவீதத்தில் 10 நிமிடம் வை. கல்லீரலில் சிவப்பணு நிறைய, அதுவே டிஏபியைப் பழுப்பாக்கும். ஐஜிஜி மட்டும் பழுத்தால் பிளாக்கிங் போதலை: 5 சதவீத ஆட்டுச் சீரம், ஒரு மணி நேரம். இரண்டும் வெளுத்து, பிரைமரி 1:800-லும் பழுப்பாகவே நின்றால் அப்புறம் பங்சார்காரர் சொல்வதைக் கேள்.

அப்புறம் ஃபிக்சேஷன். ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். முழு லோபை அப்படியே டப்பாவில் போட்டால் நடுப்பகுதி அதற்குள் தானாகவே அழியத் தொடங்கிடும். 3–4 மில்லிமீட்டர் துண்டாக அறுத்து, குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலினில் 24 மணி நேரம். கழுவும் பஃபரில் சோடியம் அசைடு இருக்கக் கூடாது, நிறம் உண்டாக்கும் எச்ஆர்பி என்சைமை முடக்கும்.

செராஸ்_லேப்
இவ்வளவு சண்டை எதுக்கு லா, டியூனெல் போட்டுட்டா முடிஞ்சது.

தீவு_ஹிஸ்டோ
முடியாது. டியூனெல் பிடிப்பது உடைந்த டிஎன்ஏவின் 3'-ஓஎச் முனையை. நெக்ரோசிஸ் (சேதத்தால் வரும் சாவு), ஆட்டோலிசிஸ் (திசு தானாக அழிவது), புரோட்டினேஸ் கே கொஞ்சம் அதிகமானது, எல்லாத்திலும் அந்த முனை உண்டு. பாராசிட்டமால் நச்சில் கல்லீரல் செல்கள் டியூனெல்லில் பளிச்சென்று வரும். சாவு நெக்ரோசிஸ், காஸ்பேஸ்-3 பெரும்பாலும் அசையாது. துணைக்கு வை, தீர்ப்புக்கு வேண்டாம்.

பங்சார்_மைக்ரோடோம்
இதில் அண்ணன் பக்கம். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு, ஸ்டாரோஸ்போரின் (அப்போப்டோசிஸைத் தூண்டுவது) கொடுத்த ஜுர்காட் செல்லைப் பாரஃபினில் பதித்து வையுங்க. நெகட்டிவுக்கு எம்சிஎஃப்-7 செல், அதில் காஸ்பேஸ்-3 ஜீனே உடைந்திருப்பதால் புரதம் வராது.

தீவு_ஹிஸ்டோ
ரெண்டும் மனித செல்! எலியில் வரும் பின்னணியை அது எப்படிக் காட்டும்? நீங்க சொன்ன குறையே எலித் திசுவில்தானே. டெக்ஸாமெத்தசோன் கொடுத்த எலியின் தைமஸ் ஒரு துண்டு, அதே ஸ்லைடில், கல்லீரலுக்குப் பக்கத்தில்.

பங்சார்_மைக்ரோடோம்
தைமஸ் நல்ல யோசனை, எடுத்துக்கறேன். ஆனா தைமஸில் சாகிற செல் கூட்டமாக இருக்கும். அங்கே சிக்னல் வந்துட்டதால் கல்லீரல் நியூக்ளியஸில் வருவதும் நிஜம்னு ஆகாது. அதற்கு எம்சிஎஃப்-7-உம் இல்லை, தைமஸும் இல்லை, காஸ்பேஸ்-3-க்கு வேறொரு ஆன்டிபாடிதான் வேணும்.

கெலுகோர்_மாணவி
அந்த ஐந்து ஸ்லைடும் தைமஸும் முதலில். எண்ணும்போது எதைப் பாசிட்டிவ் என்பது?

தீவு_ஹிஸ்டோ
செல் சுருங்கி, சைட்டோபிளாசம் இறுகி, குரோமாட்டின் திரண்டிருக்கணும். ஹெமட்டாக்சிலினை (நியூக்ளியஸுக்கான நீலச் சாயம்) லேசாக விடு, இல்லாவிட்டால் திரண்டது தெரியாது. நல்ல உருண்டை நியூக்ளியஸ் பழுப்பாக இருந்தால் எண்ணாதே.

பங்சார்_மைக்ரோடோம்
வெட்டுப்பட ஆரம்பித்த செல் இன்னும் சுருங்காமல் இருக்கலாமே அண்ணே? சைட்டோபிளாசமும் சேர்ந்து பழுத்திருந்தால் தனிப் பத்தியில் எழுதி வையுங்க.