மறு: மியூட்டேஷன் டெஸ்டிங்குக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களே, வணக்கம். மியூட்டேஷன் டெஸ்டிங் என்றால், நிரலில் வேண்டுமென்றே சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து, நம் சோதனைகள் அவற்றைக் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்ப்பது.

> பிறழ்வுச் சோதனை என்றே வைத்துவிடலாமே, உயிரியலில் ஏற்கெனவே இருக்கிறதே

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிறழ்வு என்றால் தானாக நேர்வது, நெறி தவறியது. இங்கே நாமே வேண்டுமென்று நிரலில் கை வைக்கிறோம். 'சடுதிமாற்றம்' அதைவிடப் பொருந்தாது, இதில் சடுதியாக எதுவுமே நடப்பதில்லை, இந்தச் சோதனையைச் செய்யும் பிட்டெஸ்ட் போன்ற ஜாவா கருவி கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்க்கிறது.

என் பரிந்துரை: திரிபுச் சோதனை. ஏன் என்று சொல்கிறேன்.

வயது >= 18 என்று ஜாவாவில் ஒரு நிபந்தனை எழுதி, 20-க்கு ஒன்றும் 10-க்கு ஒன்றுமாக இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறோம். சோதனைகள் நிரலின் எந்தெந்தப் பகுதியைத் தொட்டன என்று அளக்கும் ஜாகோகோவை ஓட்டினால் இரண்டு கிளையும் பச்சை, நூற்றுக்கு நூறு. சரி, இப்போது பிட்டெஸ்ட்டை ஓட்டுங்கள். அது மூல நிரலைத் தொடாது, தொகுத்து வந்த பைட்கோடை (ஜாவா இயந்திரம் படிக்கும் கட்டளைகளை), அதைத் திருத்த உதவும் ஏஎஸ்எம் நூலகத்தின் வழியாகத் திறந்து, '18-க்குக் குறைந்தால் தாண்டிப் போ' என்ற கட்டளையை '18 அல்லது அதற்குக் குறைந்தால் தாண்டிப் போ' என்று மாற்றும். கட்டளை எண் 161 இருந்த இடத்தில் 164, மாறுவது ஒரே ஒரு பைட். இரண்டு சோதனையும் அப்போதும் பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் சரியாக 18 வயதில் என்ன ஆகும் என்று நாம் கேட்கவே இல்லை.

பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்து மட்டும் மாறுகிறதே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நன்னூல் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. இந்தக் கருவி செய்வதும் இந்த மூன்றுதான்! கூட்டலைக் கழித்தலாக்கினால் திரிதல். எதையும் திருப்பித் தராத செயற்கூற்றின் அழைப்பை எடுத்துவிட்டால் கெடுதல், மரவேரில் 'ம்' போனது போல. மாறிக்குப் பக்கத்தில் ஒன்றைக் கூட்டும் ++ குறியைச் செருகினால் தோன்றல், பூங்கொடியில் 'ங்' வந்தது போல. மூன்றுக்கும் பொதுவாக 'விகாரம்' என்றே வைக்கலாம்தான், இலங்கைப் பாடநூல்களிலும் மியூட்டேஷனுக்கு அந்தச் சொல் உண்டு, ஆனால் தமிழ்நாட்டில் அது அருவருப்பு என்ற பொருளுக்குப் போய்விட்டது. திரிபு அப்படி இல்லை. டெல்டா திரிபு, ஒமிக்ரான் திரிபு என்று செய்திகளில் படித்துப் படித்து எல்லோருக்கும் பழகிவிட்டது.

இன்னொன்று. சோதனை கண்டுபிடித்த திரிபை ஆங்கிலத்தில் 'கொல்லப்பட்டது' என்றும், கண்டுபிடிக்காததை 'உயிர் பிழைத்தது' என்றும் சொல்வார்கள். அதை அப்படியே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிடிபட்ட திரிபு, தப்பிய திரிபு. அறிக்கையில் '40 திரிபுகளில் 31 பிடிபட்டன, 9 தப்பின' என்று வந்தால் விளக்கவுரையே தேவையில்லை, புதிதாகச் சேர்ந்த நிரலருக்கும் எங்கே ஓட்டை என்று புரியும்.

அப்புறம், எனக்கே முடிவு தெரியாத ஒன்று இருக்கிறது. சில திரிபுகளில் நிரல் மாறியிருக்கும், ஆனால் நடத்தை துளியும் மாறாது, எந்தச் சோதனையாலும் அவற்றைப் பிடிக்க முடியாது. இந்தத் துறையில் ரொம்ப நாளாகத் தலைவலி கொடுப்பவை இவைதான். எழுத்து மாறியும் பொருள் மாறாததற்கு நம் இலக்கணத்தில் பெயர் இருக்கிறது: போலி. அறம், அறன் ஆவது. பந்தல், பந்தர் ஆவது. அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆனால் 'போலித் திரிபு' என்று அறிக்கையில் பார்ப்பவர் கள்ளத் திரிபு என்றுதானே எடுத்துக்கொள்வார்? 'நிகர்த் திரிபு' என்றால் குழப்பம் வராது, ஆனால் அதில் அந்த அழகு இல்லை. எனக்குப் போலியை விட மனமில்லை. பள்ளியில் இலக்கணம் நடத்துபவர்கள் இங்கே இருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.