விண்டோஸ் 11 போடப் போய் சிஸ்டம் பயாஸ் ஸ்கிரீன்லயே நிக்குது, கடை சிஸ்டம்ங்க, கொஞ்சம் அவசரம்

டிடிபி_கடை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாவோட டிடிபி கடை சிஸ்டம், அசெம்பிள்டு, ஐ3 8100, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட அப்டேட் நின்னுபோச்சுல்ல, ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் இதுலதான் பாக்குறோம்னு 11-க்கு மாத்தலாம்னு தகுதி இருக்கான்னு பாக்கற பிசி ஹெல்த் செக் ஓட்டினேன், டிபிஎம் (பாதுகாப்பு சிப்) இல்ல, செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேர மட்டும் பூட் ஆக விடற செட்டிங்) இல்லன்னு வந்துச்சு. ஒரு வீடியோவப் பாத்து பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடற அடிப்படை செட்டிங்ஸ்) போய் பிடிடின்னு (இன்டெல் சிஸ்டத்துல உள்ளயே இருக்கற டிபிஎம்) இருந்தத எனேபிள் பண்ணேன், அது சரி, அடுத்து சிஎஸ்எம்-ஐ டிசேபிள் பண்ணச் சொன்னாங்க பண்ணிட்டேன், அவ்ளோதான், அதுக்கப்புறம் விண்டோஸே வரல, ஆன் பண்ணா நேரா பயாஸுக்குள்ளயே போய் நிக்குது. தை பொறந்தாச்சு, கல்யாணப் பத்திரிகை ஆர்டர் பதினோரு பேரோடது உள்ள இருக்கு, அப்பாகிட்ட இன்னும் சொல்லல. ஹார்ட் டிஸ்க் போயிடுச்சா?

பழைய_மவுஸ்:
தம்பி பதறாதீங்க, டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. பயாஸ்ல அதே இடத்துக்குப் போய் சிஎஸ்எம்-ஐ திரும்ப எனேபிள் பண்ணி சேவ் பண்ணி வெளிய வாங்க, பழையபடி விண்டோஸ் 10 வரும். பிடிடி ஆன்லயே இருக்கட்டும். மொதல்ல இத பண்ணிட்டு சொல்லுங்க, காரணத்த அப்புறம் பேசலாம்.

டிடிபி_கடை:
வந்துருச்சு அண்ணா!! கை நடுக்கம் இப்பதான் நின்னுச்சு. ஆனா ஏன் அப்படி ஆச்சு?

பழைய_மவுஸ்:
உங்க டிஸ்க் எம்பிஆர்-ங்கற பழைய பார்ட்டிஷன் முறையில இருக்கும்போல. சிஎஸ்எம்-ங்கறது பழைய ஸ்டைல் பூட்டுக்கு போட்ட பாலம் மாதிரி, அத எடுத்துட்டா பயாஸ் யுஇஎஃப்ஐ-ங்கற புது பூட் முறையில மட்டும்தான் தேடும், அதுக்கு ஜிபிடி-ங்கற புது பார்ட்டிஷன் முறையில இருக்கற டிஸ்க் வேணும், உங்களோடதுல அது இல்ல, அதான் கண்ணுக்குத் தெரியல. அசெம்பிள் பண்ணிக் குடுத்த கடையில பழக்கதோஷத்துல அப்படியே போட்டுட்டாங்க, மெஷின் மேல குத்தம் இல்ல, உங்க ஐ3 8100, 8-வது ஜெனரேஷன் ப்ராசசர், விண்டோஸ் 11-க்கு தகுதியானதுதான். டிஸ்க் மேனேஜ்மென்ட் ஓப்பன் பண்ணி டிஸ்க் 0 மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ்ல பார்ட்டிஷன் ஸ்டைல் என்னன்னு பாருங்க.

ராத்திரி_டூட்டி:
எதுக்கு இவ்ளோ சுத்து வழி, ரூஃபஸ்ங்கற டூல்ல விண்டோஸ் 11 இன்ஸ்டால் பென்டிரைவ் போட்டா டிபிஎம், செக்யூர் பூட் கேக்கறதையே எடுத்துவிட்டுரும், அரை மணி நேர வேலை. நான் 6-வது ஜெனரேஷன்லயே ஓட்டறேன்.

பழைய_மவுஸ்:
உங்களுக்கு வேற வழி இல்ல ப்ரோ, அதனால சரி. அப்படிப் போட்ட சிஸ்டத்துக்கு அப்டேட் வரும்னு கேரன்ட்டி இல்லன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. இவரு மெஷினுக்கு முன்வாசலே தொறந்திருக்கு, பின்வாசல் எதுக்கு.

டிடிபி_கடை:
எம்பிஆர்னுதான் இருக்கு. கூகுள் பண்ணதுல எம்பிஆர்2ஜிபிடின்னு விண்டோஸ் கூடவே ஒரு டூல் இருக்கு, டேட்டா அழியாம மாத்தும்னு போட்டிருந்துச்சு. அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் தொறந்து, மாத்த முடியுமான்னு பாக்க ஸ்லாஷ் வேலிடேட், ஸ்லாஷ் அலவ்ஃபுல்ஓஎஸ் ரெண்டும் குடுத்தேன், டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்டுன்னு ஒரே வரியில முடிச்சுட்டான்.

நெல்லை_நெட்வொர்க்:
எத்தன டிரைவ் வச்சிருக்கீங்க? சி, டி, இ, எஃப்னு வரிசையா இருந்தா அதுதான் வில்லங்கம். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பச்சை பார்டர் போட்ட கட்டம் இருக்கான்னு பாருங்க, அது எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன், பல டிரைவ உள்ள அடக்கின பெட்டி மாதிரி, அது இருந்தா அந்த டூல் கைய வைக்கவே வைக்காது. பிரைமரியும் (அந்தப் பெட்டிக்கு வெளிய தனியா நிக்கற பார்ட்டிஷன்) மூணுக்கு மேல இருக்கக் கூடாது. நம்ம ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் நாலு டிரைவா வெட்டிக் குடுக்கறது ஒரு சம்பிரதாயம், அத இப்ப அனுபவிக்கிறோம்.

டிடிபி_கடை:
ஆமா அண்ணா, சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி மூணும் கருநீலம், இ-யும் எஃப்-பும் பச்சை கட்டத்துக்குள்ள. அப்ப எல்லாத்தையும் அழிக்கணுமா?

நெல்லை_நெட்வொர்க்:
இல்ல இல்ல. டி பிரைமரிதான், அது கெடக்கட்டும். இ, எஃப்-ல உள்ளத மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க, காப்பி ஆனதும் நாலஞ்சு ஃபைல தொறந்து பாத்துட்டு அப்புறம் ரெண்டையும் டெலீட் பண்ணுங்க. பண்ணாலும் பச்சை கட்டம் ஃப்ரீ ஸ்பேஸ்னு அப்படியே நிக்கும், அதையும் ரைட் கிளிக் பண்ணி டெலீட் பண்ணணும், நிறைய பேரு இங்கதான் கோட்டை விடறாங்க. கறுப்பா அன்அலொகேட்டட்னு மாறினாதான் முடிஞ்சுது. பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா சஸ்பென்ட் பண்ணிக்கோங்க, 48 இலக்க ரெக்கவரி கீயையும் எழுதி வச்சுக்கோங்க.
டிடிபி கடைன்னா இன்னொண்ணு, விண்டோஸ் ஃபோல்டர்ல இருக்கற ஃபான்ட்ஸ் முழுசையும் தனியா எடுத்து வைங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல், அந்த ஃபான்ட் இல்லாட்டி வெறும் இங்கிலீஷ் எழுத்து கொத்தாதான் தெரியும். மாப்பிள்ளை பேரு இருக்கற எடத்துல என்னென்னமோ நிக்கும்.

பழைய_மவுஸ்:
சேத்து ஒண்ணு, மாத்தி முடிச்சதும் அந்த காலி இடத்துல போடற புது டிரைவுக்கு பழைய லெட்டரையே குடுங்க, இ-ன்னா இ தான். பேஜ்மேக்கர்ல படத்த லிங்க் பண்ணி வச்சிருப்பீங்க, லெட்டர் மாறினா ஒவ்வொண்ணையும் எங்கன்னு கேக்கும். முகூர்த்த ஆர்டர் முடியற வரைக்கும் தள்ளிப் போடணும்னாலும் தப்பில்ல, விண்டோஸ் 10 செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துலயே ஈஎஸ்யூல (நீட்டிச்ச செக்யூரிட்டி அப்டேட் திட்டம்) சேர வழி இருக்கு, 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும்.

டிடிபி_கடை:
ரெண்டு நாள் கழிச்சு வரேன். பத்திரிகை எல்லாம் பிரிண்டுக்கு அனுப்பிட்டு ஞாயித்துக்கெழமை உக்காந்தேன். நைட் ஃபுல்லா காப்பி ஓடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே பச்சை கட்டம் டெலீட் பண்ணதுக்கு அப்புறமும் நின்னுச்சு, நீங்க சொல்லாட்டி அங்கயே திரும்பியிருப்பேன். அதையும் தூக்கிட்டு வேலிடேட் குடுத்தா பாஸ், உடனே ஸ்லாஷ் கன்வர்ட், அது முடிய ஒரு நிமிஷம்கூட ஆகல, இதுக்கா இவ்ளோ பயந்தோம்னு ஆயிருச்சு. பயாஸ்ல சிஎஸ்எம் ஆஃப், விண்டோஸ் 10 வந்துச்சு, அப்புறம் செக்யூர் பூட் ஆன், ஹெல்த் செக்ல எல்லாம் பச்சை. இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் வழியா 11 ஏறிடுச்சு, ஃபான்ட் ஒண்ணும் போகல.
ஒரே பிரச்சன, ஸ்டார்ட் பட்டன் நடுவுல வந்து உக்காந்திருக்கு, அப்பா மூலையிலயே கிளிக் பண்ணிட்டு கம்ப்யூட்டர கெடுத்துட்டியேடான்னு திட்றாரு. பத்து நாளைக்குள்ள பழைய விண்டோஸுக்கே திரும்பலாமாமே, அதுக்கே போன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு.

நெல்லை_நெட்வொர்க்:
செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். அலைன்மென்ட்ட லெஃப்ட்னு மாத்துங்க.

டிடிபி_கடை:
மாத்திட்டேன். அப்பா பாத்துட்டு "இப்பதான் சரியா போட்டிருக்க"ன்னாரு 😄 நன்றிண்ணே.